உப்பு காப்பாத்தும்னு சொன்னது நான்தான்

பம்மல்
சித்திரை 28, திங்கக்கிழமை

என் கண்ணு அஞ்சலிக்கு உங்கம்மா காந்தா எழுதுறது. இங்க உங்க நைனா, அருணு, நான் மூணு பேரும் சொகமா கீறோம், வெயிலு மட்டும் ஆளை வறுத்து எடுக்குது, அத்த உட்டா கொறை சொல்ல ஒண்ணுமில்ல. நீ சொகமா கீறியான்னு கேக்கத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்துட்டு அப்டியே குந்திக்கினு கீறேன், ஏன்னா நீ சொகமா கீறியான்றது வர்ற வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்தாத்தான் உனக்கே தெரியுமாமே. ஆமாண்டி, உன் தம்பி அருணு எல்லாத்தையும் சொல்லிட்டான். ஈரல்ல புழு இருந்தது, மாத்திரை போட்டது, பித்தக் கொழாய் ரவ வீங்கிக்கினு கீது மூணு மாசம் கழிச்சி திரும்பப் பாக்கணும்னு டாக்டரு சொன்னது, எல்லாம். அவனைப் போன் போட்டுத் திட்டாத, வாய் தவறித்தான் வந்துச்சி, அப்பால நான் உடல. பதினோரு நாளா நீ போன் பண்ணிக்கினே கீற, நான் எடுக்கல. ஏரி மீன் விக்காதன்னு நீ சொன்னதுக்கு லைனைக் கட் பண்ணேனே, அந்தக் கோவத்துல எடுக்கலன்னு நெனச்சிக்கினு இருப்ப. கோவம் இல்லடி, வெக்கம். உன் கொரலைக் கேட்டா அழுதுடுவேன், நான் அழுதா நீ எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிடுவ, நோவு உனக்கு ஆறுதல் எனக்கான்னு ஆயிடும். அதான் எழுதுறேன். எட்டாங்கிளாஸ் கையெழுத்து, பேசுற மாரியேதான் எழுத வரும், டீச்சரம்மா சிவப்பு மையில திருத்தாம படி.

இத்த வியாழக்கிழமைக்கு முன்னாடியே எழுதி அனுப்பிடணும்னு கீறேன், அதுக்குக் காரணம் கீது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். நல்ல ரிசல்ட்டு வந்துட்ச்சின்னா பாத்தியா ஒண்ணும் ஆவலன்னு வாய் கிழியப் பேசிடுவேன், அப்பால நான் தப்பே பண்ணாதவ ஆயிடுவேன். கெட்ட சேதி வந்துட்ச்சின்னா அழுவேனே தவிர எழுத மாட்டேன். அதனால ரெண்டும் தெரியாம நடுவுல நிக்கும்போதே சொல்லவேண்டியதைச் சொல்லிடறேன். அந்த மீனைத் தின்னுன்னு உனக்குச் சொன்னது நான்தான். உப்பு காப்பாத்தும்னு சொன்னதும் நான்தான். நீ ஒரு நாளும் அத்தச் சொல்லிக் காட்டல, அருணுகிட்டகூட அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா தன்னையே அடிச்சிக்குவான்னுதான் சொல்லி வெச்சிருந்தியாம்.

எப்டி வெளிய வந்துச்சின்னு கேளு. அருணுகூட ஏர்போர்ட்டு கார்கோல வேலை செய்ற ஒருத்தரோட அக்கா பாங்காக்கு போறாங்க, அங்கேர்ந்து உனக்குப் பார்சல் போட்டுடுவாங்கன்னு பேச்சு வந்துச்சி. எனக்குத் தலை கால் புரியல. கானத்தூர்ல உங்க மாமன் ஜெயவேலுக்குப் போனைப் போட்டு, பொண்ணுக்கு ஊறல் கருவாடு வேணும், நல்ல சீலா மீனா பாத்துப் போடுன்னு கேட்டு, நானே போயி கூடக் குந்திக்கினு கீறி, உப்பு வெச்சி, மண்ணுல பொதச்சி, எடுத்துக் காய வெச்சி, வூட்டுக்குக் கொணாந்து, நாத்தம் வெளிய வராம இருக்க நாலு கவரு போட்டு டேப்பு ஒட்டிக்கினு கீறேன், அருணு சோத்துக்கு வந்தான். பாத்தான். அவளுக்கு ஊறினதைத் தின்னச் சொன்னது பத்தலியா, இன்னும் பார்சல் வேற கட்றியான்னு ஒரு கத்து கத்துனான் பாரு, எதிர் வூட்டு நாய் எழுந்து நின்னுட்ச்சி. இன்னாடா சொல்றன்னு கேட்டேன். அவன் மூஞ்சி செத்துப் பூட்ச்சி. ஒண்ணுமில்லம்மா சோத்தைப் போடுன்னான். சோறாவது கொழம்பாவது, கதவைச் சாத்திட்டு முன்னாடி குந்திட்டேன். அர மணி நேரத்துல எல்லாத்தையும் கக்கிட்டான். உங்க நைனா ஆட்டோவை நிறுத்திட்டு உள்ள வந்தாரு, நானும் புள்ளையும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம குந்திக்கினு இருக்கிறதைப் பாத்து யாரு செத்துட்டாங்கன்னு கேட்டாரு.

நீ தாய்லாந்துக்கு, அந்த கோன் கேன் ஊருக்கு டீச்சரா போயி ரெண்டாவது மாசம் இருக்கும். இஸ்கூல்ல உன்கூட வேலை செய்ற மாலி டீச்சரு ஞாயித்துக்கெழமை வூட்டுக்குக் கூப்டாங்க, அவங்கம்மா தன் கையால போட்ட மீனைத் தட்டுல வெச்சாங்க. ஆத்து மீனு. உப்பும் பூண்டும் சோறும் போட்டு நாலு நாள் புளிக்க வெச்சது, அடுப்பு பக்கமே போவாதது. நீ அவங்க பாத்ரூம்ல போயி நின்னுக்கினு எனக்குப் போன் பண்ணி குசுகுசுன்னு கேட்ட, அம்மா இது பச்சையா இருக்கு, சாப்பிடலாமா, பயமா இருக்குன்னு. நான் இங்க குரோம்பேட்டையில ஷேர் ஆட்டோவுக்கு நின்னுக்கினு இருந்தேன், கூடை தலைமேல. எனக்குச் சிரிப்பு. கடக்கர பொண்ணு மீனைப் பாத்து பயப்படுறாளேன்னு. இன்னா சொன்னேன்னு உனக்கு மறந்திருக்கும், எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் கீது. உப்புல ஊறினதுல எந்தப் பூச்சியும் பொழைக்காதுடி, நம்ம ஊறல் மாரிதான் அது, கம்னு தின்னு. ஒருத்தங்க மீன் குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாது, நம்ம கரையில அப்டி சொன்னா மறுநாள் வலை காலியாத்தான் வரும்னு சொல்லுவாங்க, அந்தம்மா மனசை நோவடிக்காதன்னு சொன்னேன். நீ என் பேச்சை மதிச்சித் தின்ன. ஒரு நாளா, ஒண்ணர வருசம், ஞாயித்துக்கெழமை தவறாம. அம்மா பழகிட்டேன், புளிப்பா நல்லாத்தான் இருக்குன்னு நீ சொல்லும்போதெல்லாம் நான் மார்க்கெட்ல அல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிக்கினு இருந்தேன், என் பொண்ணு எங்க உட்டாலும் பொழச்சிக்குவான்னு.

அந்த ஊரு ஜனங்களுக்கு நான் மொதல்ல கும்புடு போட்டுக்கிறேன். இஸ்கூலுக்கு சுகாதார ஆளுங்க வந்து ஆளுக்கொரு டப்பா குடுத்து, மலம் டெஸ்ட்டு பண்ணணும்னு சொன்னாங்களாமே, நீ வெளியூர்க்காரி உனக்கு வேணாம்னு உட்டுட்டுப் போவாம, இவ இங்கத்த சோறுதானே திங்கிறான்னு சொல்லி உனக்கும் ஒரு டப்பா குடுத்த அந்தப் பொம்பளை யாரோ, அவ புள்ளக்குட்டிங்க நல்லா இருக்கணும். டப்பா குடுக்கலன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? உனக்கு வலி இல்ல, காச்சல் இல்ல, ஒண்ணுமே இல்லாம அது உள்ள குந்திக்கினு இருந்திருக்குது. மாலி டீச்சரு லீவு போட்டுட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போச்சாம், மாத்திரை போட்ட அன்னிக்கி தலை சுத்துதுன்னு நீ படுத்தப்போ பக்கத்துலயே குந்தி கஞ்சி ஊத்துச்சாம். நான் செய்ய வேண்டியதை அது செஞ்சிது. அதுங்கிட்ட சொல்லு, பம்மல்ல ஒரு அம்மா தெனம் அது பேரைச் சொல்லி சூடம் ஏத்துறான்னு. பேரு மல்லிப்பூன்னு அர்த்தமாமே, அருணு சொன்னான்.

சரி, புழுன்னா இன்னா புழு, எப்டி வந்துச்சி, அருணு சொன்னதுல பாதி எனக்கு ஏறல. மறுநாளே சிட்லபாக்கத்துல ராஜாராமன் சாரு வூட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்து ரிட்டயரு ஆனவரு, பதினஞ்சு வருசமா என்கிட்டதான் மீன் வாங்குறாரு. கூடை இல்லாம வெறுங்கையோட நிக்கிறேன், அவரு பயந்துட்டாரு. விசயத்தைச் சொன்னேன். உக்காரும்மான்னு நாற்காலி போட்டாரு, போனைப் பாத்து பாத்து பொறுமையா சொன்னாரு. அந்தப் பக்கத்து ஆத்துல ஒரு வகை நத்தை இருக்குதாம், மனுசன் மலத்துலேர்ந்து போற முட்டை அந்த நத்தைக்குள்ள போயி, நத்தையிலேர்ந்து மீன் சதைக்குள்ள பூந்து, கண்ணுக்கே தெரியாம குந்திக்குமாம். அந்த மீனை வேக வெக்காம தின்னா நம்ம ஈரலாண்ட பித்தக் கொழாய்ல குடி வந்துடுமாம். வருசக்கணக்கா சத்தமே இல்லாம இருக்குமாம், பாக்காம உட்டா சில பேருக்குப் புத்து நோயி வரைக்கும் இழுத்துக்கினு போவுமாம். இந்த இடத்துல சாரு என் மூஞ்சியைப் பாத்துட்டு, உம்பொண்ணுக்கு சீக்கிரமே கண்டுபுடிச்சிட்டாங்கம்மா, மருந்தும் போட்டாச்சு, அந்த வீக்கம் வடிஞ்சிடத்தான் வாய்ப்பு அதிகம், ஆனா பாத்துத்தான் ஆகணும்னு சொன்னாரு. நான் கேட்டேன், உப்புல ஊறினது சார், உப்புல எப்டி பொழைக்கும்னு. நாலு நாள் உப்புக்கு அது சாவாதும்மா, புளிப்புக்கும் சாவாது, எலுமிச்சம்பழம் பச்ச மொளகா எதுக்கும் சாவாதுன்னாரு. நான் உடல. எங்க ஊறல் கருவாட்டைத் தலைமொறையா திங்கிறோம் சார், எங்களுக்கு ஒண்ணும் ஆவலியேன்னு கொஞ்சம் ராங்காவே கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு, நீ ஊறல் கருவாட்டைப் பச்சையாவாம்மா சாப்பிடுவேன்னு கேட்டாரு.

எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சி. பச்சையா யாரு சார் தின்னுவாங்க, புளி கரைச்சி ஊத்தி தளதளன்னு கொதிக்க வெச்சித்தானே திம்போம்னு சொன்னேன். சொன்னது என் காதுலயே திரும்ப விழுந்துச்சி. அஞ்சலி, நம்மளை இத்தினி தலைமொறையா காப்பாத்தினது உப்பு இல்லடி, அடுப்பு. உப்புன்னு நெனச்சிக்கினு கீறோம். கரையில எல்லாரும் உப்பைத்தான் கும்புடுவோம், அடுப்பை யாரு நெனச்சிப் பாத்தா, அது பாட்டுக்கு எரியும். இட்லி மாவுகூட புளிக்குது, அவிச்சித்தானே தட்டுல போடுறோம். எனக்கு மீனைப் பத்தித் தெரியாதது ஒண்ணுமில்லன்னு முப்பது வருசமா தலையில கூடையோட கர்வத்தையும் தூக்கிக்கினு திரிஞ்சேன். செவுளைத் தூக்கிப் பாத்தா எப்ப புடிச்சதுன்னு சொல்லுவேன், கண்ணைப் பாத்தா ஐஸுல எத்தினி நாள் கெடந்துச்சின்னு சொல்லுவேன், மருந்து தண்ணியில முக்கினதை மோந்தே சொல்லுவேன். ஆத்து மீனு இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்? கடல்ல கத்துக்கினதை ஆத்துக்கு எடுத்துக்கினு பூட்டேன், அதுவும் கண்ணால பாக்காத ஊரு ஆத்துக்கு, ஷேர் ஆட்டோ வந்துட்ச்சேன்ற அவசரத்துல.

இதோட முடிஞ்சிருந்தா தேவல. சாரு பேசி முடிச்சிட்டு உள்ள பாத்து, காந்தா வந்திருக்கா காப்பி போடுன்னு சொன்னாரு, சொல்லிட்டு, நீ முந்தாநாள் குடுத்த விரால் ஃப்ரிட்ஜுல இருக்கும்மா, இன்னிக்குத்தான் கொழம்புன்னாரு. அந்த விரால் எங்கேர்ந்து வந்துச்சின்னு கேளு. மீன்புடி தடைக்காலம் வந்துட்ச்சா, பெரிய போட்டெல்லாம் கரையில ஏத்தியாச்சி, கானத்தூர் ஃபைபர் போட்டு மீனு கண்ணுல காட்டுனா கிராக்கியா கீது. அந்த நேரம் பாத்து மீன் யாவாரி தயாளன் ஒரு டிரம்முல ஏரி மீனை உசுரோட கொணாந்தான், ஜிலேபியும் விராலும், டிரம்மு மூடியைத் தட்டிக்கினு துள்ளுது. எந்த ஏரின்னு எனக்குத் தெரியும், பேரு எழுதல. முப்பது வருசமா பம்மல்ல குடித்தனம் பண்றேன், தோல் பதம் போடுற ஷாப்பு தண்ணி ஒரு காலத்துல எந்தெந்த கலர்ல ஓடுச்சின்னு என்னைக் கேளு. அந்த ஏரியில இப்பவும் சாக்கடை வந்து சேருது, கண்ட பட்டறைத் தண்ணியும் சேருது. ஆனா மீனு உசுரோட துள்ளுதே. கெட்ட தண்ணியில மீனு பொழைக்குமா, துள்ளுற மீனை உட நல்ல மீனு எதுன்னுதான் எனக்குத் தோணுச்சி, எங்க கரையில அல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. நாலு நாள் வித்தேன். எங்கத்த மீனுன்னு கேட்டவங்ககிட்ட செங்கல்பட்டு பக்கத்துப் பண்ணைன்னு பொய் வேற சொன்னேன். அத்தத்தான் நீ போன்ல கேட்டுட்டு, அம்மா புழுன்னா கொதிக்க வெச்சா சாவும், தண்ணியில கலந்த மருந்தும் உலோகமும் கொதிக்க வெச்சாலும் போவாது, அது சதையிலயே தங்கிடும், விக்காதன்னு சொன்ன. கடல்ல பொறந்தவளுக்கு நீ மீன் கத்துக் குடுக்குறியான்னு நான் போனை வெச்சேன். அப்ப உனக்கு அது எங்கேர்ந்து தெரிஞ்சிதுன்னு நான் ஒரு நிமிசம் யோசிச்சேனா? ஆஸ்பத்திரி பெஞ்சுல தனியா குந்திக்கினு படிச்சிருப்ப.

சார்கிட்ட அங்கயே சொல்லிட்டேன். சார் அந்த விராலைத் தின்னாதீங்க, அது பண்ணை மீனு இல்ல, நான் பொய் சொன்னேன்னு. பதினஞ்சு வருசமா உன்கிட்ட செவுளைத் தூக்கிக்கூட பாத்ததில்லையேம்மான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு, திட்டியிருந்தா தேவல. அப்பால அவரே எழுந்து போயி மீனை எடுத்துக் குப்பையில போட்டுட்டு வந்து, அதுல வெசம் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது, டெஸ்ட்டு பண்ணாத்தான் தெரியும், நாலு நாள்ல யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது, வருசக்கணக்கா தின்னாத்தான் ஒடம்புல சேரும், பயப்படாதேன்னு சொன்னாரு. காப்பியும் குடுத்தாங்க. நீ சொன்னதை அப்டியே அவரும் சொன்னாரு அஞ்சலி, பூச்சிக்கு நெருப்பு இருக்கு, இந்த வெசத்துக்கு நெருப்பு இல்லன்னு. உன் பேச்சைத்தான் தட்டிட்டேன், வாத்தியாரு சொன்னா கேக்குறேன்னு பாரு, எனக்கே என் மேல ஆத்திரம் வந்துச்சி.

அன்னிக்கி பூரா வூடு வூடா ஏறி எறங்கினேன். யாரு யாருக்குக் குடுத்தேன்னு எனக்கு மூஞ்சி மறக்காது. இன்னொரு தபா அந்த மீனை வாங்காதீங்க, மீந்தது இருந்தா கொட்டிடுங்க, பதிலுக்கு போட்டு மீனு வந்ததும் நானே கொணாந்து தர்றேன்னு சொன்னேன். ஒரு அம்மா கதவை மூஞ்சியில சாத்துனாங்க, நியாயந்தான். மாசமா இருக்கிற ஒரு பொண்ணு, பேரு வேண்டாம், அது என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிச்சி, நல்ல வேளை சொன்னீங்கக்கா, வாங்கி ஃப்ரிட்ஜுல வெச்சிட்டு அம்மா வூட்டுக்குப் போயிருந்தேன், அந்த மீனை நான் தொடவே இல்லன்னு சொல்லுது. நான் அங்கயே படிக்கட்டுல குந்திட்டேன். தெய்வம் எத்தினி பக்கத்துலேர்ந்து என்னைப் புடிச்சிக்கினு கீதுன்னு நெனச்சி நெனச்சி அழுதேன். அது சொம்பு நெறைய மோரு குடுத்துச்சி. உன்னாலதான்டி அந்த வூட்டு வாசலுக்குப் போனேன், நீ சொன்ன சொல்லுதான் என்னைக் கூட்டிக்கினு போச்சி.

உங்க நைனா கதை தனி. விக்காம மீந்ததைத் தின்றது நம்ம வூட்டு வழக்கமாச்சே, நாலு நாளும் விரால் வறுவல், ஜிலேபி கொழம்புன்னு வெளுத்துக் கட்டினாரு. விசயம் தெரிஞ்சதும் வயித்தைத் தடவிக்கினு, உள்ள தோலு பதமாவுது காந்தா, தீவாளிக்கு ஒரு ஜோடி செருப்பு நிச்சயம்ன்றாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கரண்டியை வீசினேன். ஆனா அவருதான் இந்தப் பதினோரு நாளும் என்னைத் தாங்கினாரு, பேசாம இருந்தா பேசாம உட்டாரு, காலையில நாஷ்டா அவரே வாங்கிக்கினு வந்தாரு. தயாளனுக்குத்தான் கோவம். நீ இன்னா டாக்டரான்னு கேட்டுட்டு டிரம்மை எடுத்துக்கினு வேற முனைக்குப் பூட்டான், என்னால பேஜாரா பூட்ச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறான், சொல்லட்டும். இப்ப யாரு மீனு கொணாந்தாலும் செவுளைப் பாக்கறதுக்கு முன்னாடி எந்தத் தண்ணின்னு கேக்குறேன். வாரத்துல மூணு நாள்தான் கூடை தூக்குறேன், ஜெயவேலு குடுக்குற அளவுதான். கொஞ்சம் இழுபறிதான், ஆனா படுத்தா ஒடனே கண்ணு சொக்குது. ராஜாராமன் சாரு நேத்து சங்கரா வாங்கினாரு. மொத தபாவா செவுளைத் தூக்கிப் பாத்தாரு, பாத்துட்டு சிரிச்சாரு. பாக்கட்டும், அதுதான் சரி.

மாலியோட அம்மாவும் டெஸ்ட்டு பண்ணிக்கினு மாத்திரை போட்டாங்கன்னு அருணு சொன்னான். அந்தம்மா உன் கையைப் புடிச்சிக்கினு அழுதாங்களாமே, என்னால வந்ததுன்னு. அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, உங்க மேல எனக்கு ஒரு கடுகு அளவுகூட கோவம் இல்ல, நானா இருந்தாலும் இருக்கிறதுலயே நல்ல மீனைத்தான் எடுத்து உங்க பொண்ணு தட்டுல வெச்சிருப்பேன்னு. ஊரு விட்டு ஊரு வந்த பொண்ணுக்கு ஒண்ணர வருசம் ஞாயித்துக்கெழமை தவறாம சோறு போட்டவங்க, அவங்களை நான் எப்டி வெறுப்பேன்? அவங்களும் உப்பை நம்பினவங்க, நானும் உப்பை நம்பினவ. அவங்களுக்கு தாம்பரம் மார்க்கெட்ல மாம்பழ மஞ்சள்ல ஒரு சீலை எடுத்து வெச்சிருக்கேன், ஊறலுக்குப் பதிலா பார்சல்ல அதுதான் வருது, கூடவே நான் அரைச்ச கொழம்பு மொளகாத்தூளும். அந்த ஆத்து மீனையே அந்தத் தூளைப் போட்டு கொதிக்க வெச்சி அவங்களுக்கு ஒரு நாள் கொழம்பு வெச்சிக் குடு. மீனு வெந்து முள்ளு விட்டு வரணும், அது வரைக்கும் எறக்காத. புத்தி சொல்ல மாட்டேன்னு நெனச்சிக்கினுதான் ஒக்காந்தேன், சொல்லாம இருக்க முடியல பாரு.

நன்றின்னு நம்ம வூட்டுல யாரு யாருக்கு சொல்லிக்கினோம், அந்த வார்த்தையே நமக்குப் பழக்கமில்ல. இருந்தாலும் எழுதிடறேன். நீ என்னைக் காட்டிக் குடுக்கல, அதுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில யாரு பச்சையா தின்னச் சொன்னதுன்னு கேட்டப்போ நானாத்தான் தின்னேன்னு சொன்னியாமே, அதுக்கு நன்றி. ஒடம்புக்கு அப்டி வந்தும் ஏரி மீன் விக்காதன்னு என்கிட்ட சண்டை போட்டியே, பட்டது நீ, காப்பாத்தினது என்னையும் நாலு குடும்பத்தையும், அதுக்கு நன்றி. ஆனா ஒண்ணுக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன், மூணு மாசம் என்கிட்ட மறைச்சதுக்கு. எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் மறைச்ச, தெரியும். ஆனா அந்த மூணு மாசமும் நீ போன்ல சிரிச்சி சிரிச்சி பேசினதை எல்லாம் இப்ப ஒண்ணொண்ணா நெனச்சிப் பாக்குறேன், எந்தச் சிரிப்பு மெய்யி எந்தச் சிரிப்பு எனக்காகன்னு தெர்ல.

வியாழக்கிழமை ஸ்கேன் முடிஞ்சதும் மொத போனு எனக்குத்தான் வரணும், அருணுக்கு இல்ல. நான் கூடையே தூக்க மாட்டேன் அன்னிக்கி, போனைக் கையிலயே வெச்சிக்கினு இருப்பேன், மொத மணிக்கே எடுப்பேன். நல்ல சேதியா இருந்தா கத்திச் சொல்லு, தெருவே கேக்கட்டும். கெட்ட சேதியா இருந்தா அம்மா தாங்க மாட்டான்னு மாத்திச் சொல்லாத. பொணம் கனம் கனக்குற கூடையைத் தூக்கி நின்னவ நான், எதையும் தாங்குவேன். நீ அதை அங்க தனியா தாங்கிக்கினு இருந்தன்றதைத்தான் என்னால தாங்க முடியல. அழுவணும்னா ரெண்டு பேரும் சேந்து அழுவலாம், உனக்கு ஆறுதல் சொல்ற வேலையை எனக்கே உட்டுடு.

நம்ம கரை தெய்வம் கன்னியம்மா உன் கூடவே நிக்கட்டும், ஈரலும் கொழாயும் பளிச்சினு இருக்கட்டும், நீ நூறு வருசம் நல்லா இருப்ப. வியாழக்கிழமை வெறும் வயித்தோட வரச் சொல்லியிருந்தா வெறும் வயித்தோடதான் போவணும், டீக்கூட குடிக்காத. அருணு இந்தப் பக்கங்களைப் போட்டோ புடிச்சி அனுப்புவான், கையெழுத்து புரியலன்னா அவனைக் கேக்காத, என்னைக் கேளு.

இப்பிக்கித்தான் உன் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிருக்கிற உங்கம்மா,
காந்தா